அண்ணிக்குக் கோட்டை ஆகாது

கோட்டை என்று ஒன்று இருந்தால் அதன் காலடியில் ஒரு பெஞ்சு இருக்கும். பெஞ்சு இருந்தால் அதில் அண்ணி இருப்பாள். மடியில் ஒரு பை, இரண்டு பக்கமும் பைகள், காலடியில் தண்ணீர் பாட்டில்களும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் திணித்த பெரிய கூடை. அந்தக் குடும்பம் எங்கே ஊர் சுற்றக் கிளம்பினாலும் இந்த ஏற்பாடு மட்டும் மாறாது. வேன் மாறும், டிரைவர் மாறுவார், மற்றவர்களின் கண்ணாடிப் பவர்கூட மாறிவிட்டது. பைக்குக் காவல் அண்ணிதான்.

அவளை எல்லோருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தனும் நாத்தனாரும் ஆரம்பித்து வைத்தது. அது தெருவுக்குப் பரவி, அவள் ஆபரேட்டராக வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் போய், ரிட்டையராகும் நாளில் மேலதிகாரியே மைக்கைப் பிடித்து “நம்ம அண்ணி” என்று பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அண்ணியாகிவிட்டவளிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அண்ணி என்றால் கேட்கிற ஆள் அல்ல, கொடுக்கிற ஆள் என்று யாரோ எழுதி வைத்துவிட்டார்கள் போல.

இந்த முறை ஆற்றங்கரைக் கோட்டைகள். மலைகளுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து போகிறது. வளைவுக்கு ஒரு குன்று, குன்றுக்கு ஒரு கோட்டை. எந்தக் காலத்திலோ எவனோ கட்டி, எவனோ இடித்துப் போட்டது. முழுசாக நிற்பது, பாதி நிற்பது, ஒருகாலத்தில் நின்றதாகப் பலகையில் மட்டும் சொல்லிக்கொள்வது என்று மூன்று ரகம். மூன்றையும் விடாமல் பார்த்தாக வேண்டும் என்பது அண்ணியின் வீட்டுக்காரரின் கட்டளை. குடும்பத்தில் அவர் பெயர் பெரியவர். பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிந்த சுவரைக் கண்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பைச் சுரண்டுவார், கல்லைத் தட்டிப் பார்ப்பார், “இது பின்னாடி பூசின பூச்சு” என்று அந்த ராஜாவே பக்கத்தில் நிற்பதுபோலக் குற்றம் சொல்லுவார்.

கூட வந்தவர்கள் மூன்று பேர். அவர் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பவர். சின்னவர் என்று பெயர். சின்னவர் மனைவி, அதாவது அண்ணிக்கு ஓரகத்தி. எதைக் கண்டாலும் முதலில் போட்டோ, பிறகுதான் பார்வை. அப்புறம் நாத்தனார். ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து “யாரது அங்க ரிப்பன் கட்டாம?” என்று கேட்டால் அந்த மூலையில் ரிப்பன் தானாகக் கட்டிக்கொள்ளும். அப்படி ஒரு குரல்.

வேனிலேயே பைகளை வைத்துப் பூட்டக்கூடாதா என்று யாருக்கும் தோன்றும். எப்போதோ ஒரு பயணத்தில் வேன் கண்ணாடியை உடைத்து நாத்தனாரின் பையை எவனோ கொண்டு போய்விட்டான். உள்ளே இருந்தது ஒரு பழைய ஸ்வெட்டரும் திருத்தாத விடைத்தாள்களும்தான். ஆனால் அன்றிலிருந்து வேன் பூட்டு மேல் குடும்பத்துக்கு நம்பிக்கை போய்விட்டது. அண்ணி மேல் வைத்த நம்பிக்கை மட்டும் தேய்ந்ததே இல்லை.

அதனால் மற்றவர்கள் கோட்டை பார்த்தார்கள். அண்ணி கோட்டைக்குக் கீழே இருப்பதையெல்லாம் பார்த்தாள். டிக்கெட் கொடுக்கும் பெண் தலைமுடியை எத்தனை விதமாக முடிந்துகொள்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் கோட்டையில் கழிப்பறை சுத்தம், எந்தக் கோட்டையில் தாழ்ப்பாள் இல்லை என்று தெரியும். சாவிக்கொத்தில் குட்டிக் கோட்டையைத் தொங்கவிட்டு விற்கும் கடைகளில் அவள் பார்க்காத கோட்டையே கிடையாது, எல்லாம் சுண்டுவிரல் உயரத்தில். மேலே போனவர்கள் முகம் சிவந்து, சட்டை நனைந்து இறங்கி வருவார்கள். வந்ததும் அவள் எடுத்து நீட்டும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, “ஒண்ணுமே இல்ல அண்ணி, வெறும் கல்லு. நீங்க வராததே நல்லது” என்பார்கள். அவளைச் சமாதானப்படுத்துகிறார்களாம். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இவர்கள் ஏன் விழுந்தடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவளும் கேட்டதில்லை.

அலுப்பாக இருந்தது. உட்கார்ந்தே இருப்பவளுக்கு என்ன அலுப்பு என்று நினைக்கலாம். ஏறுகிறவனுக்குக் கால் வலித்தால் ஒரு தைலத்தில் போய்விடும். உட்கார வைக்கப்பட்டவளின் அலுப்புக்குத் தைலம் கிடையாது.

அவள் முதல் தடவை கீழே உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடி வைக்க இது ஒன்றும் துப்பறியும் கதை இல்லை. கல்யாணமாகிச் சில மாதங்கள். இதே கூட்டம், ஓரகத்தி மட்டும் இன்னும் குடும்பத்துக்கு வரவில்லை, எல்லோருக்கும் இள வயது, பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வேறு ஏதோ ஒரு மலைக்கோட்டைக்குப் போனார்கள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அவள் அம்மா போட்ட கட்டு. கண்பட்டுவிடுமாம். ஏற்றத்தைப் பார்த்ததும், “நீங்கல்லாம் போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த சின்னவர், “ஐயையோ, அண்ணிக்கு உயரம்னா பயம்டா!” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தார். ரகசியத்துக்கு நல்ல போர்வை கிடைத்தது என்று இருவருக்குமே குஷி. அன்று முழுக்க அந்தப் படிக்கட்டின் அடியில், பைகளுக்கு நடுவே, அவளைப்போல் சந்தோஷமாக இருந்தவர் மேலே ஏறியவர்களில் ஒருவர்கூடக் கிடையாது.

அந்தக் கரு நிற்கவில்லை. வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய், வயிற்றுவலி என்றே சொல்லித் திரும்பி வந்தார்கள். சொல்லாத சந்தோஷத்துக்கு எப்படித் துக்கம் சொல்வது? அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுததை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. சில வருஷம் கழித்து ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். முன்னால் ஒன்று இருந்தது என்பது அவளுக்கும் தெரியாது.

அடுத்த பயணத்தில் ஒரு கோட்டை வந்ததும் நாத்தனார் இயல்பாகத் தன் பையை அவள் மடியில் வைத்தாள். “அண்ணிக்குத்தான் கோட்டை ஆகாதே!” அவ்வளவுதான். ஒருமுறை சொன்னது பழக்கம், இருமுறை சொன்னது சட்டம். அவளும் உட்கார்ந்தாள். அப்போது பேசியிருந்தால் எல்லாவற்றையும் பேச வேண்டியிருந்திருக்கும்.

இத்தனை வருஷமும் அவள் தாங்கிக்கொண்டது ஒரே தைரியத்தில்தான். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ‘இவள் ஏன் உட்கார்ந்தாள் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும்’ என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தைரியத்தில் மண் விழுந்தது ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையில்.

மத்தியான வேளை. கூடத்தில் கூட்டம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு, வேலை இல்லாத உத்தியோகஸ்தன் மாதிரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் பார்த்த கோட்டையைப் பற்றிப் பெரியவர் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தார். சின்னவர் தலையாட்டிக்கொண்டே தூங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த வேன் டிரைவர், அந்த வாரம்தான் இந்தக் குடும்பத்திடம் அகப்பட்டவர், தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

“ஏன் சார், அம்மா மட்டும் ஒரு கோட்டையும் ஏற மாட்டேங்கறாங்க? முட்டி வலியா?”

“முட்டியெல்லாம் இல்லப்பா” என்றார் பெரியவர். “அவளுக்கு ஆரம்பத்துலேர்ந்தே உயரம்னா பயம். கல்யாணம் ஆன புதுசுல ஒரு கோட்டைக்குப் போனோம். ஏத்தத்தப் பாத்ததுமே உக்காந்துட்டா. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு!”

“நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்” என்று சின்னவர் தூக்கத்திலிருந்தே உரிமை கொண்டாடினார்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்காமல் அவரையே பார்த்தாள். கண்ணடிப்பார் என்று காத்திருந்தாள். ஒரு சின்ன ஜாடை, உதட்டோரத்தில் ஓர் அசைவு, ஏதாவது ஒன்று. அவர் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பொய் சொல்லும் முகமே இல்லை. அவர் நிஜமாகவே அதை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளுத்த முகத்தைக்கூட எங்கிருந்தோ சொந்தமாகச் சேர்த்திருந்தார்.

“அந்த உப்ப இப்படித் தள்ளு” என்றார் அவளிடம்.

தள்ளினாள். பெரியவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பார், அவள் டூட்டி முடிந்து வரும் நேரம் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். நல்லவர்களும் மறக்கிறார்கள். நல்லவர்கள் மறந்தால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, அதுதான் கொடுமை. அன்று மத்தியானத்துக்கு மேல் பார்த்த இரண்டு கோட்டைகளின் அடியிலும் அண்ணி பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று முதல் முறையாக அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கடைசிக் கோட்டை. ஆற்றின் பெரிய வளைவில், தனியாக நின்ற ஒரு பாறைமேல். பெரிய உயரமில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை, உச்சியில் ஒரு மதிலும் பாதி கோபுரமும். கீழே டிக்கெட் அறை, மரத்தடி, பெஞ்சு.

அதற்குள் கூட்டத்துக்கே கோட்டை கசந்துவிட்டது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்றால் கல் என்ன ஆகும்? நாத்தனாருக்குக் குதிகாலில் கொப்புளம். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னொரு மதிலைக் காட்டினா அதுலயே முட்டிக்குவேன்” என்றாள். ஓரகத்தியின் போனில் சார்ஜ் இல்லை. போட்டோ எடுக்க முடியாத கோட்டை இருந்தென்ன, இடிந்தென்ன? சின்னவர் பெஞ்சைப் பார்த்த பார்வையில் காதல் இருந்தது. பெரியவர் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

“சரி, பைய எல்லாம் அண்ணிகிட்டக் குடுங்க” என்றார் சின்னவர், வழக்கமான வேத மந்திரம்போல.

அண்ணி உட்காரவில்லை. தோளில் இருந்த பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள்.

“நான் ஏறப் போறேன்.”

சொன்னது காதில் விழுந்து மண்டைக்குள் போகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் வாயைத் திறந்தது ஓரகத்தி.

“அப்ப பை?”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்து உறவில் முதல் முறையாக ஒன்று வேண்டும் என்று வாய்விட்டிருக்கிறாள், வந்த முதல் கேள்வி இது.

“அண்ணி, விளையாடாதீங்க” என்றார் சின்னவர். “பாதி வழியில மயக்கம் போட்டு விழுந்தா தூக்கிட்டு வர ஆள் இல்ல. என் இடுப்பு இருக்கற நெலமைக்கு...”

“உனக்குத்தான் பயமாச்சே!” என்று பெரியவர் அருகே வந்தார். முகத்தில் உண்மையான கவலை. “அப்படி ஆசையா இருந்தா நானும் வரேன். கையைப் புடிச்சுக்கோ.”

“வேணாம். நீங்க பைகிட்ட இருங்க.”

“நானா?”

“ஆமா. நீங்கதான்.”

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். அண்ணி ஒருவர் தயவுக்கும் நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். பின்னால், கோட்டைப் பைத்தியமான அவள் புருஷன் தொப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வாழைப்பழக் கூடையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணனுக்கு வந்த வாழ்வப் பாருங்க!” என்று நாத்தனார் சிரித்தது பாதையின் முதல் திருப்பம் வரைக்கும் கேட்டது.

ஏற்றம் ஒன்றும் அவளுக்காக இரக்கப்படவில்லை. இளமையில் துள்ளி ஏறியிருக்க வேண்டிய பாதை. இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது, உள்ளங்கால் எரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று அவளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் கைத்தடியோடு அவளை முந்திப் போய், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவள் முந்தியதும் சிரித்தார். ஓரிடத்தில் பாதையின் வெளிப்பக்கம் தடுப்பே இல்லை. நேர் கீழே ஆறு. அவள் வேண்டுமென்றே ஓரத்தில் போய் நின்று எட்டிப் பார்த்தாள். தலை சுற்றவில்லை, வயிறு கலங்கவில்லை. பயம் என்று ஒன்று வருமோ என்று நிஜமாகவே தேடினாள். இல்லை. இத்தனை பேர் இத்தனை காலம் சொன்னதில் அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது, பாருங்கள்.

உச்சியில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். கூரையில்லாத ஓர் அறை, அதில் முளைத்த புல். பாதி கோபுரம். படிகள் மூன்று ஆள் உயரத்தில் நின்றுபோய் ஆகாயத்தைப் பார்த்தன. மார்பளவு மதில் ஒன்று. மதிலுக்கு அப்பால் ஆறு மொத்தமும் தெரிந்தது: வந்த வழி, போகிற வழி, நடுவே நின்ற மணல்திட்டு, அக்கரையில் திராட்சைக் கொடிபோலப் படர்ந்த ஊர், தூரத்துக் குன்றுகளில் அவர்கள் பார்த்த, அவள் பார்க்காத கோட்டைகள் வரிசையாக. இங்கிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சொத்தைப் பல் அளவுதான்.

அவளுக்குப் பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இதற்கா என்று இருந்தது. அழுகை முட்டியது. மதிலின் உட்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். தன்மேல் இரக்கப்பட்டு அழுதாள் என்றே சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழே, மதிலுக்கு நேர் அடியில்தான் மரத்தடிப் பெஞ்சு. வாழைப்பழம் கனிந்துவிட்டதா இல்லையா என்று ஓரகத்தியும் சின்னவரும் சண்டை போடுவது துல்லியமாகக் காதில் விழுந்தது. இத்தனை காலம் தான் கீழே இருந்து முனகியதும் இப்படித்தான் மேலே கேட்டிருக்குமோ? யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. இறங்க மனசில்லை. இறங்கினால் வேன், வேனை விட்டால் வீடு, வீட்டில் அதே மனிதர். அவருக்கும் தெரியாது என்று ஆனபின் அந்த வீட்டில் யாரோடு இருக்கப் போகிறாள்?

காலடிச் சத்தம் கேட்டது. பெரியவர். தொப்பி கையில், முகம் தக்காளியாக, மூச்சுக்கு மூச்சு விசில் அடித்தது. மதிலோரம் அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டி, குளத்தில் விழப்போகும் குழந்தையை நெருங்குவதுபோல மெல்ல வந்தார்.

“பயப்படாத... நான் வந்துட்டேன். கீழ பாக்காத. கண்ண மூடிக்கோ. கையைக் குடு, மெதுவா எறக்கிடறேன்.”

அவள் எழுந்தாள். மதிலுக்கு முதுகு காட்டி நின்றாள்.

“எனக்கு பயமே கிடையாதுங்க.”

“சரி சரி. இல்லதான். வா.”

“நான் சொல்றதக் கேளுங்க. அந்த மொத கோட்டை. பஸ்ல போனோமே. நான் ஏன் கீழ உக்காந்தேன்?”

“ஏன்னா உனக்கு...” என்று ஆரம்பித்தவர் அவள் கண்ணைப் பார்த்து நிறுத்தினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு நீங்க என்னப் பாத்து கண்ணடிச்சீங்க. எதுக்கு?”

பெரியவர் யோசித்தார். நெற்றி வியர்வையைத் துடைக்க மறந்து யோசித்தார். சுவரைப் பார்த்தே அதன் வயசைச் சொல்லும் மனிதர், தன் வாழ்க்கையின் ஒரு நாளைத் தேடித் தடவிக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் உதவிக்குப் போகவில்லை.

“முழுகாம... இருந்த” என்றார் கடைசியில். “அந்த ஆஸ்பத்திரி... அது எனக்கு மறக்கலடி. சத்தியமா மறக்கல. எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன், இருந்திருந்தா இப்ப இந்த வயசு ஆயிருக்கும்னு. ஆனா அதுவும் நீ கீழ உக்காந்ததும் ஒண்ணுங்கறது... அது எப்படி வுட்டுப் போச்சுன்னே தெரியல.”

அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

“மறந்தா பரவால்லங்க. எனக்கும் எவ்வளவோ மறந்துபோச்சு. மறந்த எடத்துல பயம்னு ஒண்ணக் கொண்டாந்து வெச்சீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல. அது வந்துட்டுப் போனதுக்கு இந்த வீட்ல என்ன அடையாளம் இருக்கு? ஒரு பேர் உண்டா, ஒரு போட்டோ உண்டா? நான் அன்னிக்குக் கீழ உக்காந்தேனே, அது ஒண்ணுதான். அதையும் எல்லாரும் சேந்து சிரிச்சுட்டீங்க.”

பெரியவர் கல்லில் உட்கார்ந்துகொண்டார். தொப்பியைச் சுற்றிச் சுற்றி உருட்டினார். மேலே ஏறி வந்த சுற்றுலாக்காரர்கள் சிலர் அவர்களைத் தாண்டிப் போய் ஆற்றைப் பார்த்து ஏதேதோ பாஷையில் ஆச்சரியப்பட்டார்கள்.

கீழேயிருந்து சின்னவரின் குரல் ஏறி வந்தது. “அண்ணே! என்னாச்சு? அண்ணி பயந்து ஒறைஞ்சு போய்ட்டாங்களா? ஆளைக் கூட்டிட்டு வரட்டுமா?”

ஓரகத்தியின் சிரிப்பு. நாத்தனாரின் சிரிப்பு அதற்கும் மேலே.

பெரியவர் எழுந்தார். மதிலைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

“அவளுக்குப் பயமே கெடையாதுடா! என்னிக்குமே கெடையாது! அன்னிக்கு உங்க அண்ணி முழுகாம இருந்தா! அதான் ஏறல! நான் யார்கிட்டயும் சொல்லல! அந்தக் கொழந்த தங்கல!”

பாறையில் மோதி அது இன்னொரு முறை கேட்டது. சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. புரிய வேண்டியவர்கள் மூன்று பேர் கீழே மரத்தடியில் இருந்தார்கள்.

“என்னங்க இது!” என்று அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உடம்பெல்லாம் கூசியது. காது சுட்டது. எத்தனையோ வருஷமாக ஆஸ்பத்திரி வராந்தாவைத் தாண்டாத செய்தி, இப்போது ஆறு தாண்டி அக்கரைக்கே போயிருக்கும். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கீழே சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மூவரும் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவர் தலையில் கை வைத்திருந்தார். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் மட்டும், கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு இரண்டடி முன்னால் வந்தாள். மைதானத்தை அடக்கும் அந்தக் குரல் இப்போது உடைந்து வந்தது. ஆனாலும் மேலே வரைக்கும் வந்தது. முழுகாமல் இருப்பவளிடம் சேதி கேட்டதும் எந்த வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் அவள் கேட்டாள்.

“எத்தனை மாசம் அண்ணி?”

வேலை பார்த்த காலம் பூராவும் ஒலிவாங்கியில் மெல்லப் பேசிப் பழகியவள் அண்ணி. அந்தக் குடும்பத்தில் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவள். இரண்டு கைகளாலும் மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிக் குனிந்தாள்.

“ரெண்டு மாசம்!” என்று கத்தினாள்.